முதுகு தரும் உயிர்



அறிவியல் புனைகதை குறித்து நான் விரும்பும் ஒரு பொருளில் பேசலாம் என்று அழைத்தார்கள். விண்கலங்களைப் பற்றியும் இயந்திர மனிதர்களைப் பற்றியும் பேசத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவன். பகலில் குதிரைகளுக்கு மருத்துவம் பார்த்தேன். இரவில் அறிவியல் புனைகதைகளை வாசித்தேன். இந்த இரண்டும் சந்திக்கும் ஓர் இடம் உண்டு. வேற்றுலகத்தவர் ஏறிச் செல்வதாக எழுத்தாளர்கள் படைத்த விலங்குகள்தாம் அந்த இடம். அவற்றைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கதை நடக்கும் கோள் மாறியதும் எழுத்தாளர் குதிரையைக் கைவிட வேண்டியிருக்கிறது. ஆனால் கதைமாந்தர்கள் பாலைவனத்தைக் கடக்க வேண்டும், போருக்குப் போக வேண்டும், துரத்த வேண்டும், தப்பிக்க வேண்டும். எனவே ஒரு புதிய விலங்கு பிறக்கிறது. எட்டுக் கால், ஆறு கால், சிறகு, கொம்பு, செதில் என்று உருவங்கள் பெருகுகின்றன. அந்த உருவங்களை நானும் ரசித்துத்தான் வாசிக்கிறேன். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது: தன் முதுகில் இன்னோர் உயிர் ஏறி உட்கார இந்த விலங்கு ஏன் இடங்கொடுக்கிறது? குதிரையைப் பற்றிக் கேட்டாலே இது கடினமான கேள்வி. இந்தக் கேள்வியை எதிர்கொண்ட எழுத்தாளர்களின் விலங்குகள் உயிரோடு நடமாடுகின்றன. எதிர்கொள்ளாதவர்களின் விலங்குகள் எத்தனை கால்கள் இருந்தாலும் மாறுவேடமிட்ட குதிரைகளாகவே நின்றுவிடுகின்றன.

இந்த மரபு பழையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், ‘உண்மைக் கதை’ என்ற பெயரில் பொய்களாலேயே ஒரு பயணக் கதையைக் கட்டினார். நிலவின் அரசனும் கதிரவனின் அரசனும் விடிவெள்ளியில் குடியேறும் உரிமைக்காகப் போரிடுகிறார்கள். நிலவின் வீரர்கள் மூன்று தலைகள் கொண்ட பெருங்கழுகுகளின் மேல் வருகிறார்கள். இன்னொரு படை தெள்ளுப்பூச்சிகளின் மேல் வருகிறது. ஒவ்வொரு தெள்ளும் பன்னிரண்டு யானைகளின் அளவு. பொய் சொல்லும் வரலாற்றாசிரியர்களைச் சாடுவதுதான் லூசியனின் நோக்கம். ஆகவே அந்தத் தெள்ளு எப்படி நின்றது என்று அவரிடம் கேட்பது முறையாகாது. பின்னால் வந்த எழுத்தாளர்களிடம் கேட்கலாம். ஏனென்றால் 1638-இலேயே கலிலியோ அதற்கான கணக்கைக் கொடுத்துவிட்டார். ஓர் உடலை எல்லாப் பக்கமும் இரு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். கால் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகும். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி புவனேசுவரத்தில் மறைந்த உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1926-இல் இதையே எல்லோருக்கும் புரியும்படி ஒரு கட்டுரையாக எழுதினார். பெரிய விலங்கைக் கற்பனை செய்பவர் அதன் கால்களையும் சேர்த்துக் கற்பனை செய்ய வேண்டும்.

இன்றைய வேற்றுலக ஊர்திகளுக்கு மூதாதை என்று நான் கருதுவது எட்கர் ரைஸ் பரோஸ் படைத்த ‘தோட்’ என்ற செவ்வாய்க் கோள் விலங்கை. 1912 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க இதழில் தொடராகத் தொடங்கி, 1917-இல் ‘செவ்வாயின் இளவரசி’ என்ற பெயரில் நூலான கதையில் அது வருகிறது. கதைத்தலைவன் ஜான் கார்ட்டர் வர்ஜீனியாவைச் சேர்ந்த குதிரைப்படை வீரன். எழுதியவரும் குதிரை அறிந்தவரே. 1896-இல் அரிசோனாவின் கிராண்ட் கோட்டையில் இருந்த 7-ஆம் குதிரைப்படையில் சேர்ந்தவர். இதயக் கோளாறு காரணமாக அடுத்த ஆண்டே வெளியே வந்தார். குதிரையோடு பழகியவரின் கை அந்த விலங்கின் உடல் முழுவதும் தெரிகிறது.

தோட்டின் தோள் உயரம் 10 அடி. பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்கள். அடியைவிட நுனியில் அகன்ற தட்டையான வால். மூக்கிலிருந்து கழுத்துவரை பிளந்துபோகும் வாய். மயிரில்லாத வழவழப்பான தோல். உடம்பு கரும்பலகை நிறம், வயிறு வெள்ளை, பாதத்தை நெருங்க நெருங்கக் கால்கள் பளிச்சென்ற மஞ்சள். ஏறுபவர்களோ 15 அடி உயரமும் நான்கு கைகளும் கொண்ட பச்சை மனிதர்கள். இங்கே ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்தரை அடி மனிதர் ஏறும் நடுத்தரக் குதிரையின் தோள் உயரம் சுமார் ஐந்தடி. பச்சை மனிதனுக்குத் தோட் அந்த விகிதத்தில் சிறியது. அவன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். நம் உலகில் மட்டக்குதிரையில் ஏறிய நெடிய ஆளைவிடவும் அவன் பெரிய சுமை. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் வரம்பு. பூமியில் இந்தத் தோட் முதல் நாளே நொண்டியிருக்கும். ஆனால் செவ்வாயின் ஈர்ப்பு விசை பூமியினுடையதில் 38 விழுக்காடுதான். எலும்பின் மேல் இறங்கும் பாரம் குறைகிறது; மிச்சத்தைப் பகிர்ந்துகொள்ள எட்டுக் கால்கள் இருக்கின்றன. கணக்கு ஒத்துவருகிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் பாதம். தோட்டுக்குக் குளம்பு இல்லை, நகமும் இல்லை. தடித்த மெத்தைப் பாதம். அதனால்தான் பச்சை மனிதர்கள் பின்னாலிருந்து வருவதை ஜான் கார்ட்டரால் முதலில் கேட்க முடியவில்லை. குதிரைப்படை வீரன் ஒருவன் குளம்போசையை எதிர்பார்த்தே பழகியவன். அந்த ஓசை இல்லாத படை அவனுக்கு எவ்வளவு அச்சம் தரும் என்பது இன்னொரு குதிரைப்படை வீரனுக்குத்தான் தெரியும். வற்றிய கடல்தரையில் படர்ந்த பாசியைத் தின்று, மிகக் குறைந்த நீரில் அது வாழ்கிறது. செவ்வாய் வறண்டு சாகும் கோள் என்று அந்நாளில் பெர்சிவல் லோவெல் எழுதிய நூல்கள் பரவியிருந்தன. அந்த வறட்சிக்குப் பரோஸ் கொடுத்த விடை, வேலையில் குதிரையும் உடலில் ஒட்டகமுமான ஒரு விலங்கு.

கடிவாளமும் இல்லை. பச்சை மனிதர்கள் மனத்தால் கட்டளையிடுகிறார்கள். கேட்காவிட்டால் துப்பாக்கியின் பின்கட்டையால் தலையில் அடிக்கிறார்கள். விலங்கும் பதிலுக்குத் தன் மேலிருப்பவனைக் கொல்லப் பார்க்கிறது. ஜான் கார்ட்டர் வேறு வழியில் போகிறான். தன் தோட்டுகளிடம் அன்பாகப் பேசுகிறான், தடவிக்கொடுக்கிறான், பொறுமையாகப் பழக்குகிறான். அவை அவன் பின்னாலேயே வருகின்றன. பிறகு அந்தக் கூட்டத்தின் தலைவனே தன் வீரர்கள் இந்த முறையைக் கற்க வேண்டும் என்கிறான். வாள் சண்டைகளும் தப்பியோட்டங்களும் நிறைந்த கதையில் இந்தப் பகுதி மட்டும் வேறு கையால் எழுதியது போல் நிதானமாக இருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய ஜெனொஃபோன், கோபத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்று எச்சரித்தார். அந்தப் பழைய பாடத்தைப் பரோஸ் செவ்வாய்க்குக் கொண்டுபோயிருக்கிறார்.

இனி குதிரையிடம் வருவோம். ஒப்பிட வேண்டுமானால் அளவுகோல் எது என்று தெரிய வேண்டும் அல்லவா?

குதிரையின் வாயைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் படுக்கிறது. புல்லைக் கடித்து இழுப்பதற்கும் அரைப்பதற்கும் வசதியாக ஏற்பட்ட நீண்ட தாடையில் இந்த வெற்றிடம் தற்செயலாக அமைந்தது. மனிதக் கை அதைப் பயன்படுத்திக்கொண்டது. சிங்கத்துக்கோ நாய்க்கோ இப்படி இரும்பை வைத்தால் கோரைப்பற்கள் விடாது. முதுகும் அப்படித்தான். பூனை இனத்தின் முதுகெலும்பு ஒவ்வொரு பாய்ச்சலிலும் வில்லாக வளைந்து விரிகிறது. மேலே எவரும் உட்கார முடியாது. குதிரையின் நடுமுதுகு விறைப்பானது. அதற்குத் தோளெலும்பை மார்போடு இணைக்கும் காறை எலும்பு கிடையாது. முன்கால்கள் இரண்டும் தசைகளாலும் நாண்களாலும் மட்டுமே உடலோடு கட்டப்பட்டிருக்கின்றன. தரையின் அதிர்ச்சியை அந்தத் தசைத் தொட்டில் வாங்கிக்கொள்கிறது.

வயிற்றைப் பாருங்கள். மாடும் ஒட்டகமும் தின்றபின் அசைபோட வேண்டும். குதிரை அசைபோடுவதில்லை. அதன் நார்ச்சத்து பின்குடலில் புளித்துச் செரிக்கிறது. அதனால் மட்டமான புல்லையும் தின்றுவிட்டு உடனே கிளம்ப முடிகிறது. அதே அமைப்பால்தான் அதற்குக் கொடிய வயிற்றுவலியும் வருகிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரவு முழுக்கக் கண்விழித்து நான் பார்த்த நோயாளிகளில் பெரும்பாலானவை வயிற்றுவலி வந்த குதிரைகள். மூச்சும் தனிவகை. குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். நாலுகால் பாய்ச்சலில் ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு என்று தாளம் பிசகாமல் போகும். உடம்பெல்லாம் வியர்த்து வெப்பத்தை வெளியேற்றுவதால் நெடுந்தூரம் தாங்குகிறது. இவ்வளவு வியர்க்கும் விலங்குகள் அதிகம் இல்லை. அவற்றில் இன்னொன்று மனிதன்.

இவை எல்லாம் இருந்தும் மனிதன் குதிரைமேல் ஒழுங்காக உட்காரப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. தேரில் பூட்டிய காலம் முந்தியது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் அசீரியச் சிற்பங்களில் குதிரை வீரர்கள் இரண்டிரண்டு பேராக வருகிறார்கள். ஒருவர் அம்பு எய்கிறார். மற்றவர் இரண்டு குதிரைகளின் வார்களையும் பிடித்துக்கொள்கிறார். அதாவது தேரை எடுத்துவிட்டார்கள், ஆனால் தேரோட்டியை விட மனம் வரவில்லை. ஒரே ஆள் குதிரையை முழங்காலால் செலுத்திக்கொண்டே வில்லையும் வளைக்கலாம் என்பதைக் கற்க வேண்டியிருந்தது. இரண்டு பாதங்களையும் தாங்கும் அங்கவடி சீனத்தில் கி.பி. 4-ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாகத் தெரிகிறது. புனைகதைகளில் வேற்றுலகத்தார் பிறக்கும்போதே ஏறத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். இந்த நீண்ட கற்றல் எந்த எழுத்தாளருக்கும் ஒரு முழு நாவலுக்குப் பொருளாகும். இன்னும் யாராவது எழுதினால் ஓடிப்போய் வாங்குவேன்.

2021-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு ஒன்று, இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் வேர் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில் இருப்பதைக் காட்டியது. அங்கிருந்து அவை சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் வேகமாகப் பரவின. அந்த இனத்தில் மனிதத் தேர்வின் அழுத்தமான தடம் இரண்டு மரபணுப் பகுதிகளில் தெரிந்தது. ஒன்று முதுகின் வலிமையோடும் மற்றொன்று அச்சம், பதற்றம் போன்ற குணங்களோடும் தொடர்புடையது. முதுகும் மனமும்! குதிரையைக் குதிரையாக்கிய இரண்டும் கண்ணுக்குத் தெரியும் கொம்பும் சிறகும் அல்ல. குதிரையின் நெருங்கிய உறவான வரிக்குதிரை இதற்கு எதிர்ச்சான்று. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வால்டர் ராத்சைல்டு லண்டன் தெருக்களில் வரிக்குதிரைகள் பூட்டிய வண்டியை ஓட்டிக் காட்டினார். ஆனாலும் அதை எந்த மக்கள் கூட்டமும் தன் ஊர்தியாக்கிக்கொள்ளவில்லை.

மனம் என்றதும் மனத்தால் பேசும் விலங்குகளுக்கு வருகிறேன். பரோஸிடம் கண்ட இந்தக் கருத்து வேற்றுலக ஊர்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆன் மெக்காஃப்ரியின் ‘பெர்ன்’ கோள் கதைகளில், 1968-இல் வந்த ‘டிராகன்ஃப்ளைட்’ நாவல் முதலாக, முட்டையிலிருந்து வெளிவரும் டிராகன் தனக்குரிய மனிதரைத் தானே தேர்ந்துகொள்கிறது. அந்தக் கணம் முதல் இருவர் மனமும் ஒன்று. ஜேம்ஸ் கேமரனின் ‘அவதார்’ படத்தில், 2009-இல், ஆறுகால் குதிரை ஒன்று வருகிறது. ஏறுபவர் தன் பின்னலின் நுனியில் இருக்கும் நரம்பிழைகளை விலங்கின் உணர்கொம்போடு பிணைத்தால் இருவரும் ஓருடல் போலாகிறார்கள்.

அழகான கற்பனைகள். ஆனால் இவற்றை வாசிக்கும்போதும் பார்க்கும்போதும் எனக்குப் பெர்லினில் இருந்த ஹான்ஸ் என்ற குதிரை நினைவுக்கு வரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கூட்டல் கழித்தல் போட்டு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டியது. ஊரே வியந்தது. 1907-இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதை நுட்பமாகச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் குதிரையின் குளம்பைப் பார்க்கத் தலையைச் சற்றே தாழ்த்துகிறார். சரியான எண்ணை எட்டியதும் தன்னையறியாமல் இம்மியளவு நிமிர்கிறார். ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. இதை ஏமாற்று என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு இது கணக்குப் போடுவதைவிடப் பெரிய ஆற்றலாகத் தெரிகிறது. தோலில் ஓர் ஈ உட்கார்ந்ததை உணரும் விலங்கு அது. முதுகிலிருப்பவர் திரும்ப நினைத்தவுடன் அவரது இடுப்பும் தொடையும் தம்மையறியாமல் அசையும். பழகிய குதிரை அதையே கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பயந்த ஆள் ஏறினால் அதன் நடையே மாறிவிடும். கூட்டமாக வாழ்ந்து, பக்கத்திலிருக்கும் குதிரையின் காதசைவைப் பார்த்தே ஓடவா நிற்கவா என்று தீர்மானித்த இரைவிலங்கின் மரபு அது. மனத்தொடர்பு என்று புனைகதை தேடுவது இங்கே தசையாலும் தோலாலும் நடக்கிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. தசைவழித் தொடர்பு தவறக்கூடியது. காலம் எடுக்கும், பிழையாகும், இருவரும் கற்க வேண்டும். நரம்பைப் பிணைத்தவுடன் எல்லாம் புரிந்துவிடும் என்றால் கற்பதற்கு இடமில்லை. ‘அவதார்’ படத்திலும் கதைத்தலைவன் முதல் முறை ஏறிச் சேற்றில் விழுகிறான். அந்தக் காட்சியில்தான் அந்த விலங்கு எனக்கு மிக உண்மையாகத் தோன்றியது. இக்ரான் என்ற பறக்கும் விலங்கை அவன் அடக்கும் காட்சி வேறு வகை. வாயைக் கட்டி, அமுக்கி, பிணைப்பை ஏற்படுத்தியவுடன் விலங்கு அடங்கிவிடுகிறது. அது தன்னைக் கொல்ல வருவதே தேர்ந்தெடுத்ததற்கு அடையாளம் என்று கதை சொல்கிறது. அமெரிக்க மேற்குப் பகுதியில் காட்டுக் குதிரைகளை ஒரே நாளில் முறித்து அடக்கிய பழைய முறையின் சாயலை இதில் காண்கிறேன். ஜான் கார்ட்டரின் பொறுமை இங்கே இல்லை.

பெர்ன் கதைகளை நான் உயர்வாக மதிப்பதற்குக் காரணம் மனத்தொடர்பு அல்ல, தீனி. டிராகன் இறைச்சி தின்னும். மேய்ந்து வயிறு நிரப்பும் ஊர்தியைப் புல் இருக்கும் இடமெல்லாம் கொண்டுபோகலாம். மங்கோலியர்களின் படை அப்படித்தான் கண்டத்தைக் கடந்தது, ஒவ்வொரு வீரனுக்கும் பல குதிரைகள் இருந்தும். இறைச்சி தின்னும் ஊர்திக்கு அதற்கென ஒரு மந்தை வேண்டும், மந்தைக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும், மேய்ப்பவர் வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது? மெக்காஃப்ரி இதைக் கேட்டிருக்கிறார். டிராகன் வீரர்கள் வானிலிருந்து விழும் கொடிய இழைகளிலிருந்து கோளைக் காக்கிறார்கள்; அதற்காக ஊர்கள் தானியமும் கால்நடையும் வரியாகச் செலுத்துகின்றன. பல தலைமுறைகளாக இழை விழவில்லை. இனி எதற்கு இந்த வரி என்று ஊர்த்தலைவர்கள் முறுமுறுக்கத் தொடங்குகிறார்கள். நாவலின் மோதலே அங்கிருந்துதான் எழுகிறது. ஊர்தியின் வயிற்றிலிருந்து ஒரு சமூகத்தின் அரசியல் விரிகிறது. அர்சுலா லெ குவின் 1966-இல் எழுதிய ‘ரோகானனின் உலகம்’ நாவலிலும் சிறகுள்ள பெரும்பூனைகள் ஊர்தியாக வருகின்றன. அவை பிரபுக் குலத்தின் உடைமை. ஊனுண்ணும் ஊர்தி எளியவர் வீட்டில் இருக்க முடியாது என்பது பொருத்தமாகவே இருக்கிறது.

தீனி தவறினால் என்னாகும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே சான்று உண்டு. குதிரை நமக்குக் கடல் கடந்து வந்த விலங்கு. பட்டினப்பாலை காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துக்கு அது கப்பலில் வந்திறங்கியது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் இறங்குவதைப் பற்றி எழுதினார். ஆண்டுக்கு 2000-க்கும் மேற்பட்டவற்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன என்பது அவர் கூற்று. வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் கொடுக்கிறார்கள், மருத்துவம் அறிந்தவர்கள் இல்லை என்றும் காரணம் சொல்கிறார். புல்வெளியில் உருவான குடலுக்குச் சோறும் கறியும் போட்டால் முடிவு அதுதான். வேற்றுலக ஊர்தியைப் படைக்க நினைப்பவர்களுக்கு அந்தக் குதிரைகளைவிட நல்ல பாடம் இல்லை. விலங்கை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. அதன் புல், காற்று, அதைப் பழக்கும் ஆள், லாடம் அடிப்பவர் எல்லோரும் கூடவே வர வேண்டும்.

குளிருக்கும் இதே கதை. 1980-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹாத் என்ற பனிக்கோள் உண்டு. அங்கே கிளர்ச்சிப்படையினர் தாண்டான் என்ற இருகால் விலங்கில் போகிறார்கள். அவர்களுடைய இயந்திர ஊர்திகளை அந்தக் குளிருக்குப் பழக்க முடியவில்லை. இரவில் தோழனைத் தேடிப் புறப்படுபவனிடம், உன் விலங்கு முதல் எல்லையைத் தொடுவதற்குள் உறைந்துவிடும் என்று எச்சரிக்கிறார்கள். அப்படியே இறந்து விழுகிறது. அவன் அதன் வயிற்றைக் கிழித்து, குளிரில் விறைத்த தோழனை உள்ளே வைத்துக் காப்பாற்றுகிறான். சிறுவர்களும் பார்க்கும் படத்தில் ஊர்தியின் உடல் வெப்பத்தைப் பற்றி இவ்வளவு நேரடியாகப் பேசியிருப்பதை நான் பாராட்டுகிறேன்.

இது கற்பனை மட்டுமல்ல. ராபர்ட் ஸ்காட் 1910-இல் தென்துருவப் பயணத்துக்கு 19 மட்டக்குதிரைகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். வெப்பத்தில் குதிரைக்கு வரமான வியர்வை அங்கே சாபமாயிற்று. நடக்கும்போது வியர்த்த உடம்பு நின்றவுடன் பனிபோர்த்தது. சிறிய குளம்புகள் பனியில் புதைந்தன. மூச்சிரைத்தே வெப்பம் தணிக்கும் நாய்களோடு போன அமுண்ட்சன் 1911 டிசம்பர் 14-இல் துருவத்தை அடைந்தார். ஸ்காட்டின் குழு அடுத்த மாதம் அடைந்து, திரும்பும் வழியில் மாண்டது. அவர்கள் பனியில் தள்ளாடிய அதே வாரங்களில்தான் அமெரிக்க இதழில் பரோஸின் தோட் முதன்முதலாக ஓடத் தொடங்கியது. குளிர்நாட்டுக்கு உரிய ஊர்தி வேறு. சைபீரியாவின் எவெங்கி மக்கள் கலைமானில் ஏறுகிறார்கள். அதன் நடுமுதுகு பலவீனமானது என்பதால் சேணத்தைத் தோளின் மேல் வைக்கிறார்கள். அங்கவடி இல்லாமல் கோலூன்றி ஏறுகிறார்கள். விலங்கின் உடலுக்கு மனிதன் தன்னை மாற்றிக்கொண்ட இந்த நுட்பம் எந்தப் புனைகதை ஊர்திக்கும் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு படைப்பு என் கேள்வியையே தலைகீழாக்குகிறது. ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965-இல் வெளியிட்ட ‘டூன்’. அர்ராகிஸ் என்ற பாலைக் கோளின் மணலுக்கடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீளப் புழுக்கள் திரிகின்றன. தரையில் தாளமிடும் கருவியை நட்டு அங்கே வாழும் ஃப்ரெமன் மக்கள் புழுவை வரவழைக்கிறார்கள். அது அருகில் போகும்போது கொக்கிகளை அதன் வளையம் ஒன்றின் ஓரத்தில் மாட்டித் திறக்கிறார்கள். உள்சதையில் மணல் உரசாமலிருக்கப் புழு அந்தப் பக்கத்தை மேலே திருப்பிக்கொள்கிறது. ஏறியவர் தானாகவே உச்சிக்கு வந்துவிடுகிறார். கொக்கி திறந்திருக்கும்வரை அது மணலுக்குள் மூழ்காது. களைத்துப் போகும்வரை ஓட்டி விட்டுவிடுகிறார்கள். இங்கே விலங்கின் சம்மதம் என்ற பேச்சே இல்லை. தன்மேல் ஒருவர் இருப்பதே புழுவுக்குத் தெரியுமா என்பதே ஐயம். நட்பு, பெயர், பழக்கம், நினைவு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறுபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். ஏன் இடங்கொடுக்கிறது என்ற கேள்விக்கு ஹெர்பர்ட், இடங்கொடுக்கவில்லை, உடலமைப்பின் ஒரு பலவீனத்தை மனிதர்கள் கண்டுபிடித்தார்கள் என்று விடை சொல்கிறார். குதிரையிலிருந்து இவ்வளவு தூரம் விலகிய ஊர்தி வேறில்லை. ஆயினும் பற்களுக்கிடையே இரும்பு வைத்த நம் முன்னோர் செய்ததும் இதன் நெருங்கிய உறவே. குதிரையில் அந்த இரும்புக்குப் பிறகு ஒரு பழக்கம் வளர்ந்தது, புழுவில் வளரவில்லை.

திரைப்படத்துக்கு வரும்போது குதிரை திரும்பிவந்துவிடுகிறது. 1977-இன் முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் பாந்தா என்ற பாலை விலங்கு, சடைமயிரும் கொம்பும் மாட்டிய ஓர் ஆசிய யானை. 2019-இல் வந்த அதே வரிசைப் படத்தின் ஆர்பாக்குகள் வேடம் அணிந்த உண்மையான குதிரைகள். ‘அவதார்’ படத்தின் ஆறுகால் விலங்குக்கும் உண்மைக் குதிரைகளின் அசைவுகளைப் பதிவு செய்தார்கள். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. மேலே இருப்பவரின் உடல் எப்படி அசையும் என்பதை நம் கண் நன்றாக அறியும். பொய்யான அசைவை உடனே கண்டுகொள்ளும். ஆறாவது காலை எங்கே வைப்பது என்பது வேறு சிக்கல். நம் உலகில் முதுகெலும்பிகளுக்கு நான்கு கால்கள் வாய்த்தது, கரையேறிய ஆதி மீன்களுக்கு நான்கு துடுப்புகள் தாங்கலாக இருந்ததால்தான். இன்னொரு கோளில் ஆறு துடுப்பு மீன் கரையேறியிருக்கலாம். பூச்சிகள் மூன்று கால் ஊன்றி மூன்று கால் தூக்கி நடக்கின்றன. அந்த நடையில் முதுகு அதிகம் குலுங்குவதில்லை. அப்படி நடக்கும் ஊர்திமேல் இருப்பவர் குதிரைமேல் இருப்பவரைப்போல் எழுந்தெழுந்து உட்கார மாட்டார். ஆறு கால் படைத்த கலைஞர்கள் அந்த நடையைக் கொடுத்திருந்தால் மேலே இருப்பவரின் உடல்மொழியே புதிதாக இருந்திருக்கும்.

இங்கே படைப்பிலக்கியம் எழுதும் மாணவர்கள் இருப்பதால் ஒரு வேண்டுகோள். வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் முன்கால் தூக்கிய குதிரைகளும் யாளிகளும் வீரர்களைச் சுமந்து வரிசையாக நிற்கின்றன. குதிரைக்கும் யாளிக்கும் சிற்பி ஒரே இடத்தைக் கொடுத்திருக்கிறார். நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் வேற்றுலக ஊர்தி அது. அதன் இயற்கை வரலாற்றை யாராவது எழுதுங்கள். சிங்க உடல் என்றால் முதுகு வில்லாக வளையும். சேணம் எங்கே வைப்பது? கோரைப்பல் இருந்தால் கடிவாளம் நிற்காது. யானைப்பாகரைப்போல் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து காலால் செலுத்துவதா? தும்பிக்கை இருந்தால் தழை தின்னுமா, அல்லது இறைச்சிதானா? இறைச்சி என்றால் மந்தை யாருடையது? குட்டியை எந்த வயதில் பழக்குகிறார்கள், தாயிடமிருந்து எப்போது பிரிக்கிறார்கள், அதற்கு வயிற்றுவலி வந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள்? எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். மருத்துவக் குறிப்புகளில் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.